மருந்துக்கடைக்காரரின் மெக்கானிக்

மருந்துக்கடைக்காரரிடம் தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போய், இருந்த தலைவலியை இரண்டு மடங்காக்கிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. மாத்திரையில் குறை கிடையாது. அட்டையிலிருந்து கத்தரித்து உறையில் போட்டு நீட்டுவதற்குள் அவர் பழைய கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மற்ற கடைகளில் பிள்ளைகள் படம் இருக்கிற இடத்தில், இவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவருடைய கார் படம் இருந்தது. உருண்டை விளக்கு, நாலு கதவு, பாசிப் பச்சை நிறம். அவர் பிறப்பதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கார் அது.

கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

"பழைய கார் வாங்கப் போறீங்களா? காலையில முதல் ஆளாப் போய் நில்லுங்க. போனதும் வாயைத் திறக்காதீங்க. பானெட் மேல உள்ளங்கையை வைங்க. சூடா இருந்துச்சுன்னா, விக்கிறவன் உங்களுக்கு முன்னாடியே எழுந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டான்னு அர்த்தம். அப்படியே திரும்பி வந்துடுங்க. ஆறிப்போன இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்."

"பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க. ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. கதவுக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ள தகடே இல்ல, வெறும் பட்டி பூசி வச்சிருக்கான். காலடி விரிப்பைத் தூக்கிட்டு அடித் தகட்டைக் கட்டைவிரலால அழுத்துங்க. இன்ஜின் கெட்டா சரி பண்ணிக்கலாம். உடம்பு துருவாயிட்டா கும்பிட்டுட்டு வர வேண்டியதுதான்."

இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர் இருமலை அடக்கிக்கொண்டு நிற்பார். இவர் நிறுத்த மாட்டார். காரை பிளாஸ்டிக் தாளால் மூடுகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு. உள்ளே வியர்த்து வியர்த்துத் தகடு அரித்துப் போகும், பருத்தித் துணிதான் போட வேண்டும். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறவர்களைப் பற்றி இன்னொரு கருத்து. அது உலை கொதிப்பதற்குள் அடுப்பை அணைக்கிற வேலை, அதற்கு ஸ்டார்ட் பண்ணாமலே விட்டுவிடலாம். நீண்ட நாள் நிறுத்தி வைக்கும்போது கை பிரேக்கை இழுத்து வைக்கிற ஆளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கத் தெரியாதா என்பார். பழைய காரில் புதிதாகப் பாட்டுப் பெட்டி பொருத்துகிறவன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒருவர் காய்ச்சலோடு வந்தபோது, மாத்திரையை நிஜமாகவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தார்.

இப்படிக் கொட்டிக் கொட்டிக் கொடுக்கிற மனிதரிடம் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காது.

"உங்க மெக்கானிக் யாரு சார்?"

அந்தக் கேள்வி வந்ததும் அவருக்குப் பின் அலமாரியில் ஏதாவது தேட வேண்டிய வேலை வந்துவிடும். தேடிக்கொண்டே, "நல்ல மெக்கானிக் எல்லாம் இப்ப எங்க சார் இருக்காங்க? நானேதான் பார்த்துக்கிறேன்" என்பார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஓரளவு இப்படித்தான். ஸ்டெப்னியைக் கடன் கொடுப்பார்கள், ஜாக்கியைக் கொடுப்பார்கள், நல்ல மனநிலையில் இருந்தால் காரையே கூட ஒரு நாள் ஓட்டக் கொடுப்பார்கள். மெக்கானிக்கை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் தடுமாறி எப்போதாவது உளறிவிடுவார்கள். இவர் உளறாத ரகம்.

மெக்கானிக் இருந்தார். பிளைவுட் கடையின் கிடங்குக்குப் பின்னால், லாரி நுழையாத ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட கொட்டகை. வழி கேட்டுத்தான் போக வேண்டும், கேட்டாலும் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கையைச் சுட்டுக்கொண்டு களிம்பு வாங்கக் கடைக்கு வந்தவர், இன்ஜின் அணைக்காமல் வாசலில் நின்ற பச்சைக் காரைப் பார்த்து, "இதோட டைமிங் சரியில்ல சார், வரும்போதே கேட்டேன்" என்றார். களிம்பை இலவசமாகவே கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். அன்றிலிருந்து பதினோரு பன்னிரண்டு வருடமாக அவரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

மெக்கானிக் அடக்கமான ஆள் கிடையாது. நாற்பது வயசுக்கு மேல், தொப்பை, ஓயாத வாய். "இந்த கார்புரேட்டரைக் கழட்டி மாட்ட இந்தச் சுத்து வட்டாரத்துல என்னை விட்டா ஆள் ஏது?" என்று தானே கேட்டு, "கிடையாது" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதும் பேசுவார். அவருக்குக் கேட்க ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கொட்டகைக்கு வந்து கேட்டது மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான்.

"வேற யாராவது வந்தாங்களா?"

போன உடனே மருந்துக்கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி இது. வெளியூர் போய்த் திரும்பிய சந்தேகக்காரப் புருஷன் கேட்கிற குரலில் கேட்பார்.

"யாரு சார் வருவா? மிக்ஸி, தண்ணி மோட்டார், தையல் மெஷின். அதான் வருது."

அதைக் கேட்டதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். மிக்ஸி மேல் அவருக்குப் பொறாமை இல்லை.

ஒரு தடவை மெக்கானிக் ஆசைப்பட்டு, "ஒரு போர்டு எழுதி மாட்டலாம்னு இருக்கேன் சார், பழைய கார் ஸ்பெஷலிஸ்ட்னு" என்றார். மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"போர்டா? உங்களுக்கா?" என்றார். "போர்டு வச்சா கண்டவன் எல்லாம் வருவான். பஞ்சர் ஒட்டக் கூப்பிடுவான். உங்க கைக்கு அது மரியாதையா சொல்லுங்க?"

கைக்கு மரியாதை என்றதும் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தலை கனத்தது. போர்டு பேச்சு அத்தோடு நின்றது. மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குக் காரை ஓட்டினார்.

இந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தவர் வேறு யாரும் இல்லை, சொந்த மச்சினன். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சூது வாது தெரியாத ஆள். மாமா பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. "மாமா, ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன், நீங்க வந்து சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்" என்று வந்து நின்றார்.

வெள்ளைக் கார். மருந்துக்கடைக்காரர் பானெட் மேல் கை வைத்தார். ஆறியிருந்தது. காந்தம் வைத்த இடமெல்லாம் கப்பென்று ஒட்டியது. கட்டைவிரலை வைத்து அழுத்தியதில் விரல்தான் வலித்தது. கடைசியாகக் கதவைச் சாத்திப் பார்த்தார். ஒரே சத்தம், 'டப்'. அவருடைய பச்சைக் காரின் கதவு இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும். அதிலும் பின் கதவுக்கு இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். அந்த 'டப்' அவர் வயிற்றில் போய் எரிந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மச்சினன் நம்பிவிடுவார். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கார் விஷயத்தில் அவர் நாக்கு பொய்க்குப் பழகவில்லை.

"எடுத்துக்கோ மாப்ளே" என்றார், பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

வாங்கின கையோடு மச்சினன் கேட்டார்: "மாமா, உங்க மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"மெக்கானிக் எதுக்கு மாப்ளே? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துக்கடைக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைக் காருக்கு அடியில்தான் பார்க்க வேண்டும். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குழாய்களை முதலில் மாற்றினார். பழைய ரப்பர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் வெடிப்பு தெரியும், தீப்பிடித்தால் அங்கேதான் பிடிக்கும் என்று அடியிலிருந்தே பாடம் எடுத்தார். கழற்றிய திருகுகளைக் காலி மாத்திரைப் புட்டிகளில் போட்டு, எந்தப் புட்டி எந்த இடத்துக்கு என்று அழகான கையெழுத்தில் ஒட்டினார். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள், இல்லையென்றால் மாட்டி முடித்த பிறகு கையில் இரண்டு திருகு மிஞ்சும் என்றார். எல்லாம் உண்மையான யோசனை. எதிலும் கள்ளம் இல்லை. கள்ளம் எல்லாம் ஏன் சொன்னார் என்பதில்தான் இருந்தது. அந்த வெள்ளைக் காருக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வந்தால் மெக்கானிக் தேவைப்படும்.

அவருக்கே கைவராத வேலை ஏதாவது வந்தால், மறுநாள் சந்துக்குப் போய், "நம்ம வண்டியில பிரேக்கை மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குதுன்னு வச்சுக்கங்க, என்ன பண்ணணும்?" என்று கேட்பார்.

"உங்க வண்டியிலயா? இழுக்கலையே சார். இப்பத்தானே ஓட்டிப் பார்த்தேன்."

"இழுத்தா என்ன பண்ணணும்னு கேட்டேன். தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுதானே."

மெக்கானிக் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். அதைக் கெட்டியாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து அடுத்த ஞாயிறு வெள்ளைக் காரில் செய்துவிடுவார்.

மச்சினன் உருகிப் போனார். "கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். மனைவிக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில் தன் பிறந்த வீட்டின் மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு பாசம் இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்று அவளும் நினைத்துக்கொண்டாள். முதுகு வலி என்று அவர் முனகினால் தைலம் தேய்த்துவிட்டாள். குப்புறப் படுத்துக்கொண்டு அவர் அந்த 'டப்' சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் நம்பரை அவர் போனில் 'பல் டாக்டர்' என்று போட்டு வைத்திருந்தார். யாராவது எட்டிப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதை. மாதத்துக்கு ஒரு முறை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வீட்டிலும் அதையே சொல்லிவிட்டுப் போவார். அவருடைய பற்கள் முப்பத்திரண்டும் கல் மாதிரி இருப்பவை. மனைவிக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை. நிறையச் செலவு பண்ணிப் பார்த்துக்கொள்கிறார், அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவளுக்கே பல் வலி வந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடி, வாய் திறக்க முடியவில்லை. இவர் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்.

"மாத்திரை எல்லாம் வேணாங்க. மாசா மாசம் போறீங்களே, உங்க டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"அவரா? அவர் பொம்பளைங்களுக்குப் பார்க்க மாட்டாரு."

"பல்லுல என்னங்க ஆம்பளைப் பல்லு, பொம்பளைப் பல்லு?"

"அவர் கொஞ்சம் ஒரு மாதிரி. நாளைக்கு வேற நல்ல டாக்டராப் பார்க்கலாம்" என்று பூசி மெழுகிவிட்டுக் குளிக்கப் போனார். போனை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனதுதான் அவர் செய்த தப்பு. வலி பொறுக்காதவளுக்கு நாளை வரைக்கும் ஏது பொறுமை? எடுத்து அழைத்தாள்.

"டாக்டர் இருக்காருங்களா?"

"யாரும்மா, காலையிலேயே கிண்டல் பண்றது? நான் மெக்கானிக்."

"பல் டாக்டர் இல்லீங்களா?"

"பல்லெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. கார் இன்ஜின் இருந்தா கொண்டாங்க. ஆமா, இது மருந்துக்கடை சார் நம்பராச்சே, நீங்க யாரு?"

அவள் யார் என்று சொன்னாள். அப்புறம், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். மெக்கானிக்குக்குப் பேச ஆள் கிடைத்தால் போதுமே. எத்தனை வருடப் பழக்கம், எந்தச் சந்து, போர்டு ஏன் மாட்டவில்லை, பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் என்ன பண்ணுவது என்று சார் வந்து கேட்டது, எல்லாம் சொல்லி முடித்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றபோது அவள் போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். குட்டு வெளிப்பட்ட சங்கதி தெரியாமல் மருந்துக்கடைக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்ல" என்றாள். பாசம் என்று நினைத்துத் தேய்த்த தைலம் எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

அவள் சண்டை போடவில்லை. வேறு டாக்டரிடம் பல்லைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் தம்பிக்கு நம்பரைக் கொடுத்தாள். "மாமாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அவராக் கண்டுபிடிக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினன் கூப்பிடவில்லை. முதலில் மருந்துக்கடைக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. கால் நீட்டிப் படுத்தார். அடுத்த வாரமும் கூப்பிடாதபோது மூக்கு வேர்த்தது. அவரே போன் பண்ணினார்.

"வண்டி எப்படி இருக்கு மாப்ளே?"

"சூப்பரா ஓடுது மாமா! நீங்க இனிமே சிரமப்பட வேணாம்."

சூப்பராக எப்படி ஓடும்? கடைசியாக அவர் விட்டுவிட்டு வந்தபோது வெள்ளைக் கார் மேட்டில் திணறிக்கொண்டிருந்தது. அதை அடுத்த வாரம் சந்தில் கேட்டு வந்து சரி பண்ணலாம் என்று இருந்தார். இரண்டு நாள் கழித்து மச்சினன் கடை வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்து இருமல் மருந்து வாங்கினார். மருந்துக்கடைக்காரர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே காது கொடுத்துக் கேட்டார். இன்ஜின் ஒரே சீராக, ஒரு தும்மல் விக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இது யாருடைய கை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் இருக்காது, இருக்காது என்று மனசைப் போட்டு அமுக்கினார். மச்சினன் கதவைச் சாத்திக்கொண்டு போனார். 'டப்'.

அந்த வாரமே பச்சைக் கார் வழியில் இரண்டு தடவை விக்கியது. சந்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே கிடையாது. மறுபடி போட்டார்.

"சார், கொஞ்சம் பிஸி. நானே அப்புறம் கூப்பிடுறேன்."

பிஸி! தையல் மெஷினுக்கு யாராவது பிஸி என்று சொல்வார்களா? கடையில் நின்றவர்களை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, பச்சைக் காரை எடுத்தார்.

சந்துக்குள் காரை நுழைக்க முடியவில்லை. பழைய கார்களாகவே நின்றன. கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, கூரை இல்லாத சின்னது ஒன்று. தகரக் கொட்டகை மேல் புதுப் பெயிண்ட் வாசனையோடு போர்டு. உள்ளே, இத்தனை காலமாகத் தன் பச்சைக் கார் மட்டுமே நின்ற இடத்தில், வெள்ளைக் கார் சக்கரம் கழற்றி உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெக்கானிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தன்னிடம் மட்டுமே சொன்னதாக மருந்துக்கடைக்காரர் நினைத்திருந்த கதையை, கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டின கதையை, அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் இவர் சிரித்த அதே இடத்தில் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கண்ணே கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் கலங்கியது.

"வாங்க மாமா!" என்று மச்சினன் எழுந்தார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "எப்படியும் வருவீங்கன்னு அக்கா சொன்னுச்சு."

மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக மெக்கானிக்கிடம் போனார்.

"என் வண்டி விக்குது. இப்பவே பார்க்கணும்."

"பார்க்கலாம் சார். இது முடியட்டும், அப்புறம் நீலம், அப்புறம் கறுப்பு. நீங்க வியாழக்கிழமை கொண்டாங்க."

"வியாழக்கிழமையா? எனக்கா?"

"மாமா, வேணும்னா என் வண்டியை இறக்கிட்டு..." என்று மச்சினன் ஆரம்பித்தார்.

"வேணாம் வாத்தியாரே, வரிசைன்னா வரிசைதான்" என்றார் மெக்கானிக். "சும்மா சொல்லக் கூடாது சார், உங்க மச்சான் வண்டி அருமையான வண்டி. கதவைச் சாத்திப் பாருங்களேன், என்ன சத்தம்!"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் ஒருத்தன் வந்துக்கிட்டு இருக்கேன். நாலு பேர் புதுசா வந்ததும் என்னை வரிசையில நிக்க வைக்கிறீங்களா?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சில் வைத்தார். பேச்சு ஓயாதவர் கொஞ்சம் யோசித்துப் பேசியதை இவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஒருத்தர் வந்தீங்க சார். மறுக்கலை. மாசத்துக்கு ஒரு நாள் உங்க வேலை. மிச்ச நாளெல்லாம் நான் என்ன பண்ணேன்? வேற யாராவது வந்தாங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க. எனக்காகத்தான் கவலைப்படுறீங்கன்னு நினைச்சேன். கடையில தினம் நாலு பேரைப் பார்க்கிறவரு, யார்கிட்டயாவது சொல்லி அனுப்புவாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க வீட்டம்மா போன் பண்ணின அன்னைக்கு நான் இந்தக் கொட்டகையைக் காலி பண்றேன்னு சொல்லியாச்சு. புதுக் கார் கம்பெனி ஒண்ணுல வண்டி கழுவுற இடத்துக்கு மேஸ்திரி வேலை பேசி முடிச்சு வச்சிருந்தேன். வாத்தியார் இவங்களை எல்லாம் கூட்டிட்டு வரலைன்னா இன்னைக்கு நான் இங்க இல்ல."

மருந்துக்கடைக்காரர் பெஞ்சில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் மெக்கானிக். "இன்னொரு கார் வாங்கியிருப்பீங்க."

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது அப்படியே உண்மை. வேறொரு ஆளிடம் நம்பரைச் சொல்வதற்கு முன், கடையை அடகு வைத்தாவது இன்னொரு காரை வாங்கி இந்தக் கொட்டகையில் நிறுத்தியிருப்பார். அவருக்கே அது தெரிந்தது.

போய்விடலாம் என்று திரும்பினார். ஓரத்தில், அடுக்கி வைத்த டயர் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். மச்சினனுடைய பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். விரல் இடுக்கில் நீல மை.

"சார், என்னைத் தெரியுதா? எங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை உங்க கடையிலதான் வாங்குறேன்."

மாத்திரை முதலில் ஞாபகம் வந்தது, அப்புறம்தான் முகம். "தெரியுது, தெரியுது. உங்க வண்டி எது?"

"இப்ப வண்டி இல்ல சார். சும்மா பார்க்க வந்தேன், கணக்கு சார் கூட்டிட்டு வந்தாரு. போன வருஷம் உங்ககிட்டகூட ஒரு தடவை கேட்டேனே. எங்கப்பாவோட கார். கொஞ்ச தூரம் ஓடும், நின்னுடும். ஆற விட்டா மறுபடியும் ஓடும். தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேன். நீங்க இப்ப யாரும் இல்லன்னு சொன்னீங்க. பெட்ரோல் டேங்கைக் கழுவிப் பார்க்கச் சொன்னீங்க."

"கழுவினீங்களா?"

"கழுவினேன் சார். அப்பவும் நின்னுச்சு. யார் யாருக்கிட்டயோ கேட்டேன், ஆள் கிடைக்கல. குடியிருந்த வீட்டை மாத்தினோம், நிறுத்த இடம் இல்ல. பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுட்டேன்."

மெக்கானிக் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்றால் அது என்ன என்று அந்தக் கொட்டகையில் இரண்டு பேருக்குத் தெரியும். அன்றைக்குக் கடையில் அந்த மனிதர் சொன்னதை மருந்துக்கடைக்காரர் காதில் சரியாக வாங்கவே இல்லை. மெக்கானிக் என்ற சொல் வந்ததுமே பின் அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். வாயில் வந்த ஒரு யோசனையைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அது என்ன கோளாறா இருந்திருக்கும் சார்?" என்று ஓவிய வாத்தியார் கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"கண்டென்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பெரிய வேலையா?"

மெக்கானிக் வெள்ளைக் காரின் பானெட்டுக்குள் கையை விட்டு, ஒரு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன உருளையைத் தொட்டுக் காட்டினார். கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. ஒரு திருகு, ஒரு கம்பி. ஓவிய வாத்தியார் குனிந்து ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"இதுதானா" என்றார். அப்புறம் நிமிர்ந்து, ஆறுதல் சொல்கிற மாதிரி, "சாம்பல் கலர் சார் அது. ஒரு தடவைகூட மறு பெயிண்ட் அடிக்கல. நீங்க பார்த்திருந்தா உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ ஸ்டார்ட்டரைத் தட்டினார்கள், கறுப்புக் கார் கிளம்பி நின்றது. எதையாவது கேட்க வேண்டும் போல் இருந்தது அவருக்கு.

"அதுல இருந்து ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா? விளக்கு, மீட்டர், ஏதாவது?"

"சாவி இருக்கு சார்" என்றார் ஓவிய வாத்தியார். "குடுக்க மறந்துட்டேன். எடைக்கு எடுத்தவங்களும் கேக்கல."